நீக்கியது எங்கே போகிறது?

வட்டில் இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர், பழைய ஆவணங்களில் ஐம்பது லட்சத்தை நீக்கும்படி தேடுபொறிக்கு ஆணையிடுகிறார். ஆணை ஏற்கப்படுகிறது. தேடிப் பார்க்கிறார், அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் வட்டில் காலியிடம் கூடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குறைகிறது.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியைப் புதிதாகக் கையாள்பவர்களைத் திகைக்க வைக்கும் காட்சி இது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது வடிவமைக்கப்பட்டபடியேதான் நடந்துகொண்டிருக்கிறது. தேடல் அட்டவணை என்பது வேகமாகக் கண்டுபிடிப்பதற்காகக் கட்டப்பட்ட ஒன்று. மறப்பது அதன் வேலைப்பட்டியலில் பின்னால் ஒட்டப்பட்ட வரி. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘தினமும் இரவு பழையதையெல்லாம் நீக்கிவிடு’ என்று ஒரு தானியங்கி வேலையை ஏவிவிட்டால், அது என்ன செய்கிறது என்பது பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாமலே போகலாம்.

தேடுபொறி நாம் கேட்ட பிறகு ஆவணங்களைப் புரட்டத் தொடங்குவதில்லை. வெகு முன்பே எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கு எதிரேயும் அது வரும் ஆவணங்களின் எண்களை எழுதி வைத்துவிடுகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவின் அதே ஏற்பாடு. 13ஆம் நூற்றாண்டில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் ஒரு துறவியர் குழு விவிலியத்துக்கு இப்படி ஒன்றைக் கையாலேயே தொகுத்தது. கணினியில் இதற்குத் தலைகீழ் அட்டவணை என்று பெயர். இன்று இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் லூசீன் என்ற நிரல் நூலகத்தை டக் கட்டிங் 1999இல் எழுதினார். லூசீன் என்பது அவர் மனைவியின் நடுப்பெயர். பின்னாளில் உருவாக்கிய ஹடூப் என்ற மென்பொருளுக்கு மகனின் பொம்மை யானையின் பெயரை வைத்தார். பெயர் தேடி இவர் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை போலிருக்கிறது! சோலார் என்ற தேடுபொறி, 2010இல் ஷே பானன் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் இரண்டுக்கும் உள்ளே ஓடுவது லூசீன்தான்.

ஐந்நூறு வெவ்வேறு சொற்கள் உள்ள ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண் ஐந்நூறு பட்டியல்களில் சிதறிக் கிடக்கிறது. அதை உண்மையாகவே அகற்ற வேண்டுமானால் ஐந்நூறு இடங்களுக்கும் போக வேண்டும். போனாலும் சும்மா உருவி எடுத்துவிட முடியாது. இடத்தை மிச்சப்படுத்த, பட்டியலில் முழு எண்களுக்குப் பதிலாக முந்தைய எண்ணிலிருந்து உள்ள இடைவெளியை மட்டும் எழுதுகிறார்கள். 5, 12, 40 என்ற ஆவண எண்கள் 5, 7, 28 என்று பதிவாகும். நடுவில் இருக்கும் 7ஐ எடுத்துவிட்டால் 28 என்பது 33ஐக் குறிக்கத் தொடங்கிவிடும். எவனோ ஒருவனின் ஆவணம் நம் விடையில் வந்து நிற்கும். ஆகவே ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் இருப்பதைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் கோப்பின் நீளத்தை மாற்றினால் அதற்கும் பின்னால் இருப்பதெல்லாம் நகர வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று லூசீன் ஒரு முடிவெடுத்தது: எழுதியதைத் திருத்துவதே இல்லை. புதிய ஆவணங்கள் வர வர, அவற்றுக்கென்று தனியாக ஒரு குட்டி அட்டவணை எழுதப்படுகிறது. அதற்கு செக்மென்ட் என்று பெயர். எழுதி முடித்த செக்மென்டை யாரும் தொடுவதில்லை. நீக்கச் சொன்னால், பக்கத்தில் ஒரு சிறு கோப்பில், ஆவணத்துக்கு ஒரு பிட் வீதம், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. நம் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் போலத்தான் இதுவும்: மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன மாணவனின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார்கள், வரிசை எண் அங்கேயே இருக்கும், புதிய பதிவேடு எழுதும்போதுதான் அந்த வரி காணாமல் போகும். தேடல் நடக்கும்போது நீக்கப்பட்ட ஆவணமும் பட்டியலில் தட்டுப்படுகிறது. பிட்டைப் பார்த்துவிட்டு, ‘இது இல்லை’ என்று தாண்டிப் போகிறது தேடல்.

சின்னச் சின்ன செக்மென்டுகள் சேர்ந்ததும் பின்னணியில் அவற்றை ஒன்றாக்கிப் பெரிய செக்மென்டாக லூசீன் எழுதுகிறது. இதற்கு மெர்ஜ் என்று பெயர். நீக்கப்பட்டவை உண்மையாகவே மறைவது அப்போதுதான். புதிய செக்மென்டில் உயிருள்ளவை மட்டும் எழுதப்படுகின்றன. எழுதி முடிக்கும்வரை பழைய செக்மென்டுகளும் இருக்க வேண்டும், புதியதும் இருக்க வேண்டும். இடம் தேவையென்று நீக்கியவரின் வட்டு முதலில் இன்னும் நிரம்பியதன் காரணம் இதுதான்.

பெரிய செக்மென்டுகளின் கதை இன்னும் சிக்கலானது. லூசீனின் இயல்பான ஏற்பாட்டில் ஒரு செக்மென்ட் சுமார் 5 ஜிபிக்கு மேல் வளர்வதில்லை. அந்த உச்சத்தை எட்டிய செக்மென்டில் பாதிக்கு மேல் நீக்கப்படும்வரை, முன்பெல்லாம் அது மெர்ஜுக்குத் தகுதி பெறாமலே கிடக்கும். அதாவது 40 சதவீதத்தை நீக்கியிருந்தாலும் ஒரு பைட்கூடத் திரும்பக் கிடைக்காது. 2018இல் வந்த லூசீன் 7.5 பதிப்பிலிருந்து இந்த விதி இறுக்கப்பட்டது. ‘கட்டாய மெர்ஜ் ஒன்று போட்டால் தீர்ந்தது’ என்று சிலர் எல்லாவற்றையும் ஒரே ராட்சத செக்மென்டாக்கிவிடுவார்கள். இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அட்டவணையில் இதைச் செய்வது பின்னால் வரப்போகும் தலைவலிக்கு முன்பணம் கட்டுவது. அந்த ராட்சதனை அடுத்த மெர்ஜ் எளிதில் தொடாது.

நீக்குவதற்கும் இடம் வேண்டும் என்ற உண்மை எலாஸ்டிக்சர்ச்சுக்கு நன்றாகத் தெரியும். வட்டு 95 சதவீதம் நிரம்பியதும் அது அட்டவணைகளைப் பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் பெயரிலேயே ‘படிக்கலாம், நீக்கலாம்’ என்ற பொருள் இருக்கிறது. ஆனால் அங்கே நீக்கலாம் என்பது முழு அட்டவணையை நீக்குவது. தனித்தனி ஆவணங்களை நீக்க அனுமதி கிடையாது. ஆவணத்தை நீக்குவதும் ஒரு எழுத்து வேலைதான், அதற்கும் இடம் வேண்டும் என்பதால்.

நீக்கப்பட்டவை இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அவை தீர்ப்பிலும் மூக்கை நுழைக்கின்றன. ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவுக்கு அதன் மதிப்பு குறைவு என்ற எண்ணத்தை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். இன்றைய தேடுபொறிகள் விடைகளை வரிசைப்படுத்தும் கணக்கின் முதுகெலும்பு அது. ஒரு நாளிதழ்க் காப்பகத்தில் கொரோனா காலத்துச் செய்திகளை மொத்தமாக நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதியிருக்கும் ஆவணங்களில் ‘கொரோனா’ அரிய சொல். அதற்கு மதிப்பு கூட வேண்டும். ஆனால் கூடுவதில்லை. ஏனென்றால் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்ற எண்ணிக்கை செக்மென்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. மெர்ஜ் ஆகும்வரை செத்தவையும் அதில் அடக்கம். ஒரே அட்டவணையின் மூலப் பிரதியும் நகல் பிரதியும் வெவ்வேறு நேரங்களில் மெர்ஜ் ஆவதால், ஒரே கேள்வியை இருமுறை கேட்டால் விடைகளின் வரிசை மாறி வருவதும் உண்டு. பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கிறார், மூன்றாவதாக இருந்தது ஐந்தாவதாகப் போகிறது. காரணம், எப்போதோ நீக்கிய ஏதோ ஒன்று.

*

இனி மொத்தமாக நீக்கும் வேலைக்கு வருவோம். ‘இந்த நிபந்தனைக்குப் பொருந்துவதையெல்லாம் நீக்கு’ என்ற வசதி எலாஸ்டிக்சர்ச்சின் ஆரம்பப் பதிப்புகளில் இருந்தது. 2.0 பதிப்பில் அதை மையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த நிபந்தனையை ஒவ்வொரு பிரதியும் தன் போக்கில் இயக்கிப் பார்த்ததால், மூலமும் நகலும் ஒன்றுக்கொன்று முரண்படும் அபாயம் இருந்தது. நினைவகம் தீர்ந்து விழுவதும் நடந்தது. 5.0 பதிப்பில் அது திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தது. இப்போது அது முதலில் அட்டவணையின் அந்த நொடி நிலையைப் படம்பிடித்துக்கொள்கிறது. அந்தப் படத்தில் தேடி, ஆயிரம் ஆயிரமாக எடுத்து, ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் சரிபார்த்து நீக்குகிறது. படம்பிடித்த பிறகு யாராவது அந்த ஆவணத்தைத் திருத்தியிருந்தால் 409 என்ற மோதல் அறிவிப்போடு வேலை நின்றுவிடும். நிற்காமல் தொடரச் சொல்லவும் வழி உண்டு. எனக்கு அந்த நிற்கும் குணம் பிடிக்கும். நீக்கச் சொன்ன ஆவணமும் இப்போது இருக்கும் ஆவணமும் ஒன்றல்ல என்று ஒரு கருவி சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் முறை.

எல்லாக் கருவிகளும் இவ்வளவு செய்து தருவதில்லை. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஏஐ சர்ச்சில் நிபந்தனை சொல்லி நீக்கும் வழி இல்லை. ஒவ்வொரு ஆவணத்தின் சாவியையும், அதாவது அதன் தனி அடையாளத்தையும், சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு அதிகம் போனால் ஆயிரம். ஆகவே தேடு, சாவிகளை எடு, நீக்கச் சொல், அடுத்த பக்கத்துக்குப் போ என்ற சுழற்சியை நாமேதான் கட்ட வேண்டும். லாஜிக் ஆப்ஸ், பவர் ஆட்டோமேட், என்8என் போன்ற வொர்க்ஃப்ளோ கருவிகளில் இதைப் பெட்டிகளை இழுத்துக் கோத்து அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அந்த அரை மணி நேர எளிமைக்குள்தான் கண்ணிவெடிகள் இருக்கின்றன.

முதல் வெடி பக்கம் புரட்டுவதில். நீக்க வேண்டியவை 5,000, பக்கத்துக்கு 1,000. முதல் பக்கத்தை எடுத்து நீக்கியாயிற்று; மீதி 4,000. இப்போது வழக்கம்போல ‘முதல் 1,000ஐத் தாண்டி அடுத்த 1,000ஐக் கொடு’ என்று கேட்கிறோம். ஆனால் பட்டியல் மேலே நகர்ந்துவிட்டது. முன்பு 1,001 முதல் 2,000 வரை இருந்தவை இப்போது முதல் பக்கத்தில் இருக்கின்றன, அவற்றைத்தான் தாண்டுகிறோம். மூன்றாவது சுற்றில் 2,000ஐத் தாண்டினால் இன்னொரு ஆயிரம் தப்பிக்கிறது. நான்காவது சுற்றில் 3,000ஐத் தாண்டினால் வெற்றுப் பக்கம். வேலை முடிந்ததாக எண்ணிச் சுழற்சி நின்றுவிடுகிறது. 5,000இல் போனவை 3,000. அசையாமல் இருப்பவை 2,000. பட்டியல் நீளமாக ஆக, மிச்சம் பாதியை நெருங்கும். எந்தப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரிந்திருக்காது.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. சாவிகளை முழுவதும் சேகரித்து ஒரு கோப்பில் எழுதிய பிறகே நீக்கத் தொடங்குவது ஒன்று. சாவி வரிசையில் அடுக்கி, ‘கடைசியாகப் பார்த்த சாவிக்கு மேற்பட்டவை’ என்று கேட்டுக்கொண்டே போவது இன்னொன்று. நான் முதலாவதின் பக்கம். அந்தக் கோப்பு கையில் இருந்தால் நீக்குவதற்கு முன்பு ஒருவர் அதைத் திறந்து பார்க்கலாம். ஐந்தாயிரம் எதிர்பார்த்த இடத்தில் ஐந்து லட்சம் இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். நாளை யாராவது ‘எதை நீக்கினாய்?’ என்று கேட்டால் காட்டுவதற்கும் ஒன்று இருக்கும்.

எப்போதும் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன என்று தோன்றலாம். கேட்கலாம்தான். ஆனால் நீக்கியது உடனே தேடலில் மறைவதில்லை. எலாஸ்டிக்சர்ச்சில் இயல்பாக ஒரு நொடி இடைவெளி உண்டு. அதற்குள் கேட்டால் நீக்கிய அதே ஆயிரமும் மறுபடி வரும். நீக்கியதை மறுபடி நீக்கினால் கெடுதல் ஒன்றும் இல்லை, அந்த வகையில் நீக்கம் சாது. சுழற்சியின் எண்ணிக்கைக் கணக்குதான் பொய்யாகும்.

இரண்டாவது வெடி, வெற்றி என்று வரும் பதிலில். அஸூருக்கு ஆயிரம் சாவிகளை அனுப்பி, அதில் சில நீங்காமல் போனால், அது 207 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். சில நடந்தன, சில நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எவை எவை என்பது பதிலின் உள்ளே வரிவரியாக இருக்கும். ஆனால் இணைய உலகில் 200களில் வரும் எண்ணெல்லாம் வெற்றி. வொர்க்ஃப்ளோ கருவி 207ஐப் பார்த்ததும் பச்சை டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எலாஸ்டிக்சர்ச்சின் மொத்த ஆணையும் இதே ரகம்தான்: மேலே 200, உள்ளே ‘பிழைகள் உண்டு’ என்று ஒரு வரி. உள்ளே திறந்து படிக்கும் பெட்டி ஒன்றை நாம் வைத்திருந்தால்தான் தெரியும். இன்னொரு கூத்தும் உண்டு. இல்லாத சாவியை நீக்கச் சொன்னாலும் அஸூர் சரி என்றே சொல்லும். சாவிகளைக் குறியாக்கம் செய்த முறையில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், லட்சம் ஆவணங்களும் ‘வெற்றிகரமாக’ நீங்கும். அட்டவணையில் ஒன்றும் குறையாது. ஆகவே ஆணையின் பதிலை நம்பாமல், முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பது ஒன்றே வழி.

மூன்றாவது சின்னது. லாஜிக் ஆப்ஸில் ‘இது நடக்கும்வரை செய்’ என்ற சுழற்சிக்கு நாம் மாற்றாவிட்டால் 60 சுற்று, ஒரு மணி நேரம் என்று வரம்பு. சுற்றுக்கு ஆயிரம் என்றால் 60,000இல் அது நின்றுவிடும். இரண்டு லட்சம் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

*

இவற்றையெல்லாம் விட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. தேடல் அட்டவணை ஒரு நகல்தான். அசல் வேறெங்கோ, ஒரு தரவுத்தளத்திலோ கோப்புக் கிடங்கிலோ இருக்கிறது. அசலில் என்ன மாறியது என்று அவ்வப்போது போய்ப் பார்த்துவர ஒரு நிரல் உண்டு. ‘நான் கடைசியாக வந்த நேரத்துக்குப் பிறகு மாறிய வரிகளைக் காட்டு’ என்று அது கேட்கும். புதிய வரி தெரியும், திருத்திய வரி தெரியும். நீக்கிய வரி? அது அங்கே இல்லை. இல்லாத வரியில் மாறிய நேரம் எப்படி இருக்கும்? நிரல் எதையும் கவனிக்காமல் திரும்பிவிடும். அசலில் போன ஆவணம் அட்டவணையில் அநாதையாக வாழ்ந்துகொண்டிருக்கும். தேடுபவர் அதைச் சொடுக்குவார், பக்கம் கிடைக்கவில்லை என்று வரும்.

அதனால் அசலில் உடனே நீக்காமல், ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு கட்டத்தில் முதலில் குறித்து வைக்கச் சொல்கிறார்கள். குறிப்பதும் ஒரு மாற்றம்தான், ஆகவே நிரலின் கண்ணில் படும். அது அட்டவணையிலிருந்து ஆவணத்தை எடுக்கும். அதன் பிறகு அசலை அழிக்கலாம். கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் இந்தக் குறிக்குக் கல்லறைக் கல் என்றே பெயர். இயல்பாக 10 நாள் அந்தக் கல்லை வைத்திருக்கிறது. கல்லைச் சீக்கிரம் எடுத்துவிட்டால், அந்த இடைவெளியில் தொடர்பற்றுக் கிடந்த ஏதோ ஒரு கணினி திரும்பி வந்து, தன்னிடம் இருக்கும் பழைய பிரதியைப் புதுச் செய்தி என்று எல்லோருக்கும் பரப்பிவிடும். நீக்கியது எழுந்து நடமாடும்.

தனித்தனியாக நீக்குவது இவ்வளவு பாடு என்றால், மொத்த அட்டவணையையும் தூக்குவது எப்படி? கண் சிமிட்டும் நேரம்தான். எந்தப் பட்டியலையும் திருத்த வேண்டாம், மெர்ஜ் வேண்டாம்; கோப்புகளை அப்படியே கைவிட்டால் போதும், இடமும் உடனே திரும்பிவிடும். பதிவுக் குறிப்புகளைச் சேமிப்பவர்கள் நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று தனி அட்டவணைகள் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். வயதானதும் முழு அட்டவணையும் போகும். எலாஸ்டிக்சர்ச்சே அதை நேரம் பார்த்துச் செய்துவிடும். நீக்கம் மலிவாவதும் செலவு வைப்பதும், ஆவணத்தை எந்த அட்டவணையில் போட்டோம் என்பதில் முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது.

அந்த மலிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 ஜூலையில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச், மாங்கோடிபி தரவுத்தளங்களை ஒரு தானியங்கி நிரல் தேடித் தேடி அழித்தது. ஆயிரக்கணக்கில் போயின. பணம் கேட்கவில்லை, மிரட்டல் கடிதம் வைக்கவில்லை. அழித்த இடத்தில் ஏதோ எழுத்துகளோடு ‘மியாவ்’ என்று மட்டும் விட்டுச் சென்றது. மொத்த நீக்கத்தைத் தானியக்கமாக்குவதில் அந்த ஆசாமி காட்டிய திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2022இல் வந்த எலாஸ்டிக்சர்ச் 8.0, பாதுகாப்பு அம்சங்களைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்தது. நட்சத்திரக் குறி போட்டு ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்று சொல்வதையும் தடுத்தது. இப்போது அட்டவணையை நீக்க அதன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். நம்முடைய சொந்த வொர்க்ஃப்ளோவில் ஒரு மாறி வெறுமையாக வந்து, நிபந்தனை ‘எல்லாம்’ என்று விரிந்துவிடும் விபத்துக்கும் இதே மருந்துதான்.

*

நீக்கியது எங்கே போகிறது என்பது வட்டு நிர்வாகிகளின் தனிக் கவலையாக இருந்த காலம் போய்விட்டது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை இருக்கிறது. ஒரு பிட்டை மாற்றியதும் அந்த ஆவணம் தேடலில் வராது; ஆனால் மெர்ஜ் வரை வட்டில் அந்த எழுத்துகள் இருக்கும்; காப்பு நகல்களில் அதற்குப் பிறகும் இருக்கும். ‘அழித்துவிட்டோம்’ என்று அந்த மனிதருக்குக் கடிதம் எழுதும் தேதி இவற்றில் எது? என் எண்ணத்தில் காப்பு நகலின் காலாவதித் தேதியையும் சொல்லாத கடிதம் அரைக் கடிதம்.

அண்மையில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு அடுக்கு சேர்ந்திருக்கிறது. நிறுவனங்களின் கோப்புகளைப் படித்துப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளர்களின் பின்னாலும் ஒரு தேடல் அட்டவணைதான் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு முழுதாகப் போவதில்லை. பத்தி பத்தியாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு நறுக்கும் தனிச் சாவியோடு போகிறது. காலாவதியான விடுப்பு விதிமுறை ஒன்றை நீக்கும்போது அறுபது நறுக்குகளில் இரண்டு தப்பிவிட்டால், உதவியாளர் அந்த இரண்டை வைத்துப் பழைய விதியை முழு நம்பிக்கையோடு சொல்லும். நறுக்கும்போதே தாய்க் கோப்பின் அடையாளத்தை ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தால்தான் பிறகு அனைத்தையும் தேடிப் பிடிக்க முடியும்.

இந்த அட்டவணைகள் சொற்பட்டியலோடு வெக்டர் வலைப்பின்னல் ஒன்றையும் வைத்திருக்கின்றன. பொருளில் நெருங்கிய நறுக்குகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். தேடல் அந்த இணைப்புகள் வழியாகத் தாவித் தாவிப் போய் விடையை அடையும். இங்கே ஒரு கணுவைப் பிய்த்து எறிந்தால் அதன் வழியாகப் போன பாதைகளும் அறுந்துவிடும். அதனால் லூசீனில், நீக்கப்பட்ட நறுக்கு விடையில் வராது. ஆனால் அதன் மீது ஏறி அடுத்ததுக்குப் போகத் தேடலுக்கு அனுமதி உண்டு. நீக்கப்பட்டவை பெருகப் பெருக, தேடல் பயனற்ற கணுக்களில் அலைந்து மெதுவாகும்.

ஆகவே பெரும்பகுதியை நீக்க வேண்டி வந்தால், அனுபவசாலிகள் நீக்குவதே இல்லை. வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் ஒரு புதிய அட்டவணையில் எழுதுகிறார்கள். பயன்பாடுகள் எல்லாம் அட்டவணையை ஒரு மாற்றுப்பெயரால்தான் அழைக்கும்படி முன்பே ஏற்பாடு இருக்கும். எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துவிட்டு, அந்த மாற்றுப்பெயரைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதற்குச் சூட்டுகிறார்கள். எலாஸ்டிக்சர்ச்சில் இது ஒரே ஆணையில், இடைவெளி இல்லாமல் நடக்கும். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யாராவது புகார் சொல்கிறார்களா எனச் சில நாள் பார்ப்பார்கள். பிறகு பழைய அட்டவணையை, அதன் முழுப் பெயரையும் தட்டச்சு செய்து, நீக்குவார்கள்.